விசாரித்து வாங்கிய நாய்

கண்ணாடிக் கடைக்கு நாயைத் தூக்கிக்கொண்டு யாரும் வருவதில்லை. அன்றைக்கு ஒரு கிதார் வாத்தியார் வந்தார். ஒரு கையில் கால் கழன்ற மூக்குக் கண்ணாடி. தோளில் துணிப்பை. கடையில் வேலை பார்க்கும் அவள் குனிந்து சின்னத் திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பைக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது.

தலை என்று சொல்வதா, துணி மூட்டை என்று சொல்வதா? நாலு நாய்க்குக் காணும் தோலை ஒரே குட்டிக்குப் போர்த்திவிட்ட மாதிரி இருந்தது. நெற்றியில் மடிப்பு, மடிப்புக்குள் மடிப்பு, அதற்கும் உள்ளே எங்கேயோ இரண்டு கண்கள். ஊர்க் கவலை மொத்தத்தையும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டது போன்ற முகம். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கல்லாவில் இருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பது வருஷமாக அவரிடம் லென்ஸ் தேய்த்து, ஃப்ரேம் பூட்டி, மூக்குத்தாங்கி மாற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் சிரிப்பு இப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரியும்.

"என்ன சார் இது?"

"'ஷார் பே'ன்னு சொல்லுவாங்க. சீன ஜாதி. தடவிப் பாருங்க, கடிக்காது."

ஒரு பக்கமாகத் தடவினால் வெல்வெட். எதிர்ப்பக்கமாகத் தடவினால் உப்புத்தாள். குட்டி கொட்டாவி விட்டது. நாக்கு நாவல்பழம் தின்ற மாதிரி கருநீலம். வாத்தியார் மேஜைமேல் இறக்கிவிட்டதும், அங்கிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, நின்றபடியே தூங்கிப்போனது.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள்: "எனக்கு ஒரு நாய் வேணும்."

கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் 'எனக்கு வேணும்' என்று அவள் வாயைத் திறந்து கேட்டது அது இரண்டாவது தடவை.

கணவர் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலையில் இருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கட்டடத்தில் லிஃப்ட் ஓடும். கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்து முடித்தபிறகு, "இன்னொருவாட்டி பாத்துடலாம்" என்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'இன்னொருவாட்டி' என்றே பெயர். வேலைக்கு அது நல்ல குணம்தான். அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றுகூட அறுந்து விழுந்ததில்லை. வீட்டில்தான் உபத்திரவம். குளிர்சாதனப் பெட்டி வாங்க பதினோரு கடை ஏறி இறங்கி, முடிவு செய்வதற்குள் வெயில் காலமே முடிந்துவிட்டது. சொந்த வீட்டுக்காக ஆறு வருஷம் விசாரித்தார். அதற்குள் விலை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இன்னும் வாடகை வீடுதான். இதையெல்லாம் அவள் கடையில் தமாஷாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அன்றைக்கு அவர் 'எதுக்கு' என்று கேட்கவில்லை. "விசாரிப்போம்" என்றார். மறுநாளே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் 'நாய்' என்று குண்டு குண்டாக எழுதினார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த நாலு மாதமும் சந்தோஷமான மாதங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். சாப்பாடு முடிந்ததும் இருவரும் மேஜையில் எதிரெதிரே உட்காருவார்கள். அவர் கணினியில் படித்துப் படித்துச் சொல்லுவார், நோட்டில் கோடு போட்டு எழுதுவார். குட்டி விலை என்ன, மாதத்துக்குச் சாப்பாடு எவ்வளவு, தடுப்பூசி எத்தனை. மடிப்புகளுக்குள் ஈரம் நின்றால் புண் வரும். தினமும் துடைத்து உலர்த்த வேண்டும். காது துளை குறுகல், சீழ் பிடிக்கும். இமை உள்பக்கமாக மடிந்து முடி கண்ணைக் குத்தும், ஆபரேஷன் வேண்டியிருக்கும். வளர வளர உடம்புச் சுருக்கம் குறைந்து, முகத்திலும் தோளிலும் மட்டும் தங்கும். ஆயுசு ஒன்பது, பத்து வருஷம். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். புருஷன் பெண்டாட்டி இருவரும் அப்படி மணிக்கணக்கில் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மிருக டாக்டரிடம் போனார்கள். கை கழுவிக்கொண்டே பேசுகிற, அவசரக்கார மனுஷர்.

"வருஷத்துக்கு எத்தனை தடவை காய்ச்சல் வரும் டாக்டர்?"

"சிலதுக்கு வரவே வராது. சிலதுக்கு மாசம் ஒருதரம் வரும். பின்னங்கால் மூட்டு வீங்கிக்கும். அடிக்கடி வந்தா கிட்னியைப் பாக்கணும்."

"சதவீதமாச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"தாய் நாய்க்கு இருந்தா குட்டிக்கும் வருமா?"

"வரலாம்."

"அப்பன் நாயோட ரத்தப் பரிசோதனை கேட்டா குடுப்பாங்களா?"

டாக்டர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "சார், நீங்க நாயை வாங்கப் போறீங்களா, நாய்க்குப் பொண்ணு குடுக்கப் போறீங்களா?"

அவள் சிரித்தாள். கணவரும் சிரித்தார். ஆனால் பேனாவை மூடவில்லை.

கிதார் வாத்தியார் வீட்டுக்கும் போனார்கள். குட்டி இப்போது ஒரு சின்னக் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்திருந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. கண்ணில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து மூன்று நாள். "என்கிட்ட இருந்த நல்ல கிதாரை வித்துட்டேன்" என்றார் வாத்தியார். சொல்லும்போது அவர் கை நாயின் முதுகை விட்டு நகரவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அவள் சொன்னாள்: "என் சேமிப்புல இருந்து நான் போடறேன். உங்களுக்கு ஒரு செலவும் வேணாம்."

"செலவுக்காகவா பாக்கறேன்? அந்த ஜீவன் கஷ்டப்படக் கூடாதேன்னு பாக்கறேன்."

அந்தப் பதில் அவளுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. இறங்கும் இடம் வந்துவிட்டதால் அதைத் துருவிப் பார்க்கவில்லை.

முதல் தடவை அவள் 'எனக்கு வேணும்' என்று கேட்டது பிள்ளை. முப்பத்துநாலு வயசில். தானாகத் தங்கவில்லை, சிகிச்சை எடுத்தால் வாய்ப்பு உண்டு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அப்போதும் ஒரு நோட்டு வந்தது. எந்த மருத்துவமனை, எத்தனை பேருக்குக் கரு நின்றது, ஊசியால் என்னென்ன வரும், பிறந்த பிள்ளைகள் எப்படி இருக்கின்றன. கணவர் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். கடைசியில் ஒரு மருத்துவமனையில் முன்பணம் கட்டி, தேதியும் வாங்கினார்கள். தேதிக்கு ஒரு வாரம் முன்னால், "டாக்டர் வெளிநாடு போயிட்டாராம், தள்ளிப் போட்டிருக்காங்க" என்றார். தள்ளித் தள்ளி வருஷங்கள் போயின. நாற்பதைத் தாண்டியதும் டாக்டரம்மாவே, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். ஒரு விசேஷத்தில் நாத்தனார் மட்டும், "வேலைக்குப் போறவங்களுக்கு உடம்பு கெட்டுடுமேன்னு கவலை. வம்சத்தைப் பத்தி என்ன?" என்று பொதுவில் போட்டு உடைத்தாள். என்ன சொல்கிறாள் இவள் என்று அவளுக்கு விளங்கவில்லை. நாத்தனார் வாய் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

நாய்ப் பண்ணை ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே ஐந்து குட்டிகள் பிறந்திருப்பதாகக் கணவர்தான் சொன்னார். எட்டு வாரமானதும் எடுக்கலாம். எட்டு வாரம் ஆயிற்று. "தாய் நாயோட ரிப்போர்ட் வரட்டும்" என்றார். பத்து வாரம் ஆயிற்று. "இன்னும் வரலை" என்றார். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை முதலாளியிடம் விடுப்புச் சொல்லிவிட்டு, சேமிப்புப் பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அவரிடம் சொல்லாமல் பேருந்து ஏறினாள். குட்டியோடு போய் நின்றால் மனுஷர் திட்டவா போகிறார் என்று நினைத்தாள்.

பண்ணைக்கார அம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வீட்டிலிருந்து வருவதாகச் சொன்னதும், குழாயைக் கீழே போட்டுவிட்டு ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானா அது? உங்களுக்குத்தான் நாயே ஆகாதாமே."

"யார் சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர்தான். மூணு தடவை வந்தாரு. கடைசித் தடவை ஒரு மணி நேரம் குட்டியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. குடுத்துடலாம்னு பாத்தா, 'வேணாம்மா, என் மனைவி ஒத்துக்கலை, அவளுக்கு நாயைக் கண்டாலே அருவருப்பு, அவளுக்காக விடறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. போகும்போது கண்ணு கலங்கிடுச்சு பாவம். நான்கூட நெனச்சேன், என்னடா பொம்பளை இவள்னு. தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எதை எப்படி எடுத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. காலுக்குக் கீழே தண்ணீர் ஓடி செருப்பு நனைந்தது. "எப்ப வந்தாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆச்சே, ரெண்டு வாரம். அஞ்சு குட்டியும் வித்துப் போச்சு."

கடைசிக் கூண்டில் ஒரு நாய் படுத்திருந்தது. குட்டிகளின் தாய். வயது ஆறு. முகச் சுருக்கம் தொங்கி, மடிப்புகளின் நடுவே தோல் சிவந்து, பழைய துணி வாடை வீசியது. ஒரு கண் பாதிதான் திறந்தது. "கிழவின்னு கூப்பிடுவோம்" என்றாள் பண்ணைக்கார அம்மா. "அஞ்சு ஈத்து போட்டாச்சு. இனிமே குட்டி போட ஆகாது. காய்ச்சல் வேற வந்து வந்து போகுது. காசு கீசு வேணாம், யாராவது கேட்டாக் குடுத்துடுவேன்."

"நான் கேக்கறேன்" என்றாள் அவள்.

வாடகைக் கார் ஓட்டுநர் வழி முழுக்கக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி வந்தார். இரட்டைக் கூலி கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கிழவி சமையலறை மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. மடிப்பை எதைக் கொண்டு துடைக்க வேண்டும், உப்புத் தண்ணீரா வேறு மருந்தா என்பது மறந்துவிட்டது. நோட்டில் இருக்குமே என்று கணவரின் அலமாரியைத் திறந்தாள். 'நாய்' மேல் தட்டிலேயே இருந்தது. கீழ்த்தட்டில் பழைய நோட்டுகள், முதுகில் சீட்டு ஒட்டி, வரிசையாக. குளிர்சாதனப் பெட்டி. வீடு. மருத்துவமனை.

மூன்றாவதை அவள் பதினைந்து வருஷமாகத் தொட்டதில்லை. பண்ணைக்கார அம்மா சொன்னது காதில் இன்னும் ஓயவில்லை. எடுத்தாள். தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ரசீது, பேருந்துச் சீட்டு, எல்லாம் பசை தடவி ஒட்டியிருந்தது. நோட்டின் நடுவில், நாலாக மடித்த ஒரு கடிதம். மருத்துவமனைத் தலைப்பு போட்டது.

'தங்கள் மனைவிக்குச் சிகிச்சையில் விருப்பமில்லை எனத் தாங்கள் தொலைபேசியில் தெரிவித்தபடி, பதிவு செய்த தேதி ரத்து செய்யப்படுகிறது. முன்பணம் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.'

இரண்டு தடவை படித்தாள். நாத்தனார் அன்று சொன்னது இப்போது விளங்கியது. நாத்தனாருக்குச் சொல்லியிருக்கிறார். மாமியாருக்கும் சொல்லியிருப்பார். அந்த அம்மாள் சாகும்வரை தன்னிடம் முகம் கொடுத்துப் பேசாததற்கு என்னென்னவோ காரணம் கற்பித்துக்கொண்டது எல்லாம் வீண். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாது.

கணவர் ஆறரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தார். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன இது?"

"நாய்."

"யாரைக் கேட்டுக் கொண்டுவந்தே? ஒண்ணும் விசாரிக்காம..."

"நாலு மாசம் விசாரிச்சாச்சே."

"இது குட்டி இல்லையே. சீக்கு நாய். கண்ணைப் பாரு."

"எனக்கு நாயைக் கண்டாலே அருவருப்பாமே. அதான், அருவருப்பானதாப் பாத்துக் கொண்டுவந்தேன்."

அவள் கடிதத்தை மேஜையில் வைத்தாள். அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. எடுக்காமலே என்னவென்று தெரிந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேஜை விளிம்பைத் தடவினார்.

"பயமா இருந்துச்சு" என்றார். "உனக்கு ஏதாவது ஆயிட்டா? பொறக்கறது சரியில்லாமப் பொறந்துட்டா? நான் விசாரிச்ச எடத்துல எல்லாம் ஏதாவது ஒண்ணு சொன்னாங்க. ராத்திரியெல்லாம் தூக்கமே வராது எனக்கு."

"பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பே?"

"அதனால எல்லாரும் என்னைப் பத்தி நினைக்கட்டும்னு விட்டுட்டீங்க."

அவள் கடிதத்தை எடுத்து மறுபடியும் நாலாக மடித்தாள்.

"வேணாம்னு நீங்களே சொல்லியிருந்தா அழுதிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். வேற வழி இருந்தா தேடியிருப்பேன். அதுக்குக்கூட வழியில்லாம, என் பேரைச் சொல்லி மூடிட்டீங்க. இன்னிக்கு ஒரு நாய் விஷயத்துல கூடவா?"

"தப்புதான்" என்றார். "அப்ப அப்படிப் பழகிடுச்சு."

பழகிவிட்டதாம். தன் தலையணையையும் போர்வையையும் எடுத்து முன்னறைக்குக் கொண்டுபோனாள்.

வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று அந்த வாரம் முழுக்க யோசித்தாள். கண்ணாடிக் கடைச் சம்பளத்துக்கு ஓர் அறை கிடைக்கும். நாயோடு யாரும் கொடுக்கமாட்டார்கள். அதுவுமில்லாமல் கிழவியின் கண்ணுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை மருந்து விட வேண்டியிருந்தது. ஒருவர் தலையைப் பிடித்தால்தான் இன்னொருவர் இமையைப் பிரிக்க முடியும். அவர் பிடித்தார், அவள் விட்டாள். பேச்சு அவ்வளவுதான்: "பிடிங்க." "விட்டாச்சு." ஆபரேஷனுக்கு அவள் சேமிப்பில் பாதி போனது. மிச்சம் காய்ச்சலுக்கும் காதுக்கும் போனது. நோட்டில் அவர் எழுதியிருந்தது ஒன்றும் தப்பில்லை. எல்லாம் அப்படியே நடந்தது.

அவர் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கிழவிக்கு அவரைப் பிடித்துப்போனது. மருந்து விடுகிறவள், மடிப்பைத் துடைக்கிறவள், காதுக்குள் பஞ்சை விடுகிறவள் எல்லாம் அவள். அவளைக் கண்டால் சமையலறை மூலைக்கு நகர்ந்துவிடும். அவர் வந்தால் எழுந்து நிற்கும். அந்த வயசில், அந்த மூட்டு வலியோடு, வாசல் வரைக்கும் போகும். மாலையில் அவரோடு நடந்துவிட்டு வரும். தெருவில் யாராவது நின்று பார்த்தால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். "ஷார் பே. எல்லாரும் வளத்துட முடியாது. நாலு மாசம் படிச்சு, டாக்டரைப் பாத்து, நல்லா விசாரிச்சுத்தான் எடுத்தோம்" என்பார். மாடி ஜன்னலில் துணி காயப்போடும்போது அவள் காதிலேயே விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினாள். உள்ளே குரல் கேட்டு வாசலிலேயே நின்றாள். அவர் தரையில் சம்மணம் போட்டு, கிழவியின் முகத்தை மடியில் வைத்து, மெல்லிய துணியால் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நாய் கண்ணை மூடி சுகமாகக் கிடந்தது.

"வலிக்குதாடி செல்லம்? இதோ முடிஞ்சிடுச்சு. அப்பாதானே துடைக்கறேன். அப்பாகிட்ட என்ன பயம்?"

அவள் கையிலிருந்த சாவிக்கொத்து விழுந்தது. அவர் திரும்பினார்.

"என்னென்ன கொஞ்சணுமோ கொஞ்சுங்க" என்றாள். "அந்த ஒரு வார்த்தையை மட்டும் இந்த வீட்டுல சொல்லாதீங்க."

அப்புறம் அந்த வார்த்தையை அவள் கேட்கவில்லை. தெருவில் நடக்கும்போது சொல்லியிருக்கலாம்.

கிழவி பதினான்கு மாதம் இருந்தது. சிறுநீரகம் போய்விட்டது. கடைசி வாரம் தண்ணீர்கூட இறங்கவில்லை. டாக்டர் வீடு தேடி வந்து, வலியில்லாமல் போக ஊசி போட்டார். கணவர் தேம்பித் தேம்பி அழுதார். மூன்று நாள் விடுப்புப் போட்டார். எதிர்வீட்டுக்காரர்கள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள். அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டே எதிர்வீட்டு அம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பெத்த புள்ளை மாதிரி பாத்தாரு பாவம். நீங்கதான் கல்லு மாதிரி நிக்கறீங்க. நாய்னா உங்களுக்கு அவ்வளவாப் பிடிக்காதோ?"

அவள் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் கடைக்குப் போகிற வழியில், பிரிக்காத கண் மருந்து இரண்டு புட்டிகளை வேறு ஏதாவது நாய்க்கு ஆகுமே என்று மிருக டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் திருப்பி, "சார் எப்படி இருக்காரு? பாத்துக்குங்கம்மா, ரொம்ப ஒடைஞ்சு போயிருப்பாரு" என்றார்.

"பாத்துக்கறேன்" என்றாள். வெளியே வந்தபோது பேருந்து போய்விட்டிருந்தது. அடுத்தது வர இருபது நிமிஷம் ஆகும். நிழல் இல்லாத நிறுத்தத்தில் நின்றுகொண்டு, எதிர்க்கடையின் பெயர்ப்பலகையை எழுத்து எழுத்தாகப் படித்தாள். பேருந்து வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் இருந்தது.